பீர் வடிகட்டும் துணிப்பை: கழுவுவதிலிருந்து மறுபடி பயன்படுத்துவது வரை முழுமையான வழிகாட்டி

மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) போடும் பை, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கட்டிப் போடும் பை, பழம் போடும் பை என்று வீட்டில் பீர் காய்ச்சுபவரிடம் இரண்டு மூன்று துணிப்பைகளாவது இருக்கும். இவற்றைக் கழுவுவதில் புதியவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். தேவையே இல்லாத பைக்குக் கிருமிநீக்கியைக் கொட்டுகிறார்கள். கிருமிநீக்கம் கட்டாயம் வேண்டிய பையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு பீர் நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்டருக்குள் நேராகப் போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டையும் செய்வது ஒரே ஆள்தான்.

இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். எந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பதைச் சரியாக வைத்துக்கொண்டால் விசேஷ மருந்து எதுவும் இல்லாமலே ஒரு நல்ல பை பல வருடம் உழைக்கும். வரிசை தவறினால் எதைப் போட்டுக் கழுவினாலும் நாற்றம் போகாது.

1. பை கொதிக்கு முன்னா, பின்னா?

எதையும் வாங்கும் முன், கழுவும் முன், இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மேஷ் வேலைக்கான பை கொதிக்கு முந்தியது. அதில் ஒட்டியிருக்கும் எந்தக் கிருமியும் அடுத்து வரும் ஒரு மணி நேரக் கொதியில் செத்துப்போகும். இந்தப் பை சுத்தமாக இருந்தால் போதும், கிருமிநீக்கம் தேவையில்லை.

மேஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறுதான் வோர்ட். அது கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் பையும் அப்படித்தான். கொதியே அதற்குக் கிருமிநீக்கம்.

ஃபெர்மென்டருக்குள் போகும் பை வேறு ஜாதி. டிரை ஹாப்பிங் (மணத்துக்காக ஆறிய பீரில் ஹாப்ஸ் போடுவது) பை, பழப்பை, மரத்துண்டு அல்லது மசாலா போடும் பை எல்லாம் ஆறிய பீரைத் தொடுகின்றன. அதற்குப் பிறகு கொதி கிடையாது. இவற்றை ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், கிருமிநீக்கமும் செய்ய வேண்டும்.

இந்த இரண்டு கூட்டத்தையும் கலக்காதீர்கள். தானியப் பையை ஒருநாள் அவசரத்துக்கு டிரை ஹாப்பிங்கிற்கு எடுப்பது மோசமான யோசனை. மால்ட்டின் உமியில் லாக்டோபசில்லஸ் என்ற புளிக்கவைக்கும் பாக்டீரியா இயல்பாகவே குடியிருக்கும். தையல் மடிப்பில் ஒளிந்த ஒரு உமித்துண்டு போதும், பீர் புளித்துப்போக. இழுகயிற்றின் நிறத்தை வைத்துப் பைகளைப் பிரித்துவிடுங்கள். துணிமேல் பேனாவால் எழுத வேண்டாம். மை சூட்டில் கரையும்.

2. துணி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நைலான், பாலியெஸ்டர், பருத்தி மஸ்லின் ஆகிய மூன்றும்தான் பொதுவாகக் கிடைப்பவை.

பாலியெஸ்டர் வலைத்துணி என் முதல் தேர்வு. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, சீக்கிரம் காயும், வாசனையைப் பிடித்துவைப்பதும் குறைவு. நைலானும் நல்லதுதான். ஆனால் கொஞ்சம் ஈரம் உறிஞ்சும், வெயிலில் வலுவிழக்கும், குளோரினுக்கும் பலமான அமிலத்துக்கும் தாங்காது. தானியப் பை என்று விற்பவற்றின் கண்ணளவு பெரும்பாலும் 200 முதல் 250 மைக்ரான் வரை இருக்கும். அதைவிட நெருக்கமான பை மேஷில் அடைத்துக்கொள்ளும், கழுவவும் பாடுபடுத்தும்.

பருத்தி மஸ்லின் விலை குறைவு, ஆனால் மறுபயன்பாட்டுக்கு மோசமானது. இழைக்குள் எண்ணெயும் நிறமும் இறங்கிவிடும், காய நேரம் எடுக்கும், அந்த நேரத்துக்குள் பூஞ்சை வந்துவிடும். கொதிக்கும் வோர்ட்டில் ஒன்றிரண்டு முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுவதே நல்லது. ஃபெர்மென்டருக்குப் போகும் மஸ்லின் பையை ஒரே முறையோடு விட்டுவிடுங்கள்.

3. காய்ச்சும் நாளுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

பை பாத்திரத்திலிருந்து வெளியே வந்த பிறகு வாளி தேடக் கூடாது. முன்கூட்டியே இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்: பையை முழுதாக மூழ்கடிக்கும் அளவு ஒரு பிளாஸ்டிக் வாளி, சக்கை கொட்ட இன்னொரு வாளி, சூடு தாங்கும் நீளமான ரப்பர் கையுறை, ஒரு மெல்லிய சல்லடை, மணமில்லாத ஆக்சிஜன் வகைச் சலவைத்தூள்.

ஆக்சிஜன் வகை என்றால் சோடியம் பெர்கார்பனேட். வெந்நீரில் கரையும்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரிகிறது. பெராக்சைடு நிறத்தையும் வாசனையையும் பிடித்து உடைக்கும். சோடாவின் காரத்தன்மை புரதத்தையும் ஹாப்ஸ் பிசினையும் இளக்கும். பீர் காய்ச்சுபவர்களுக்கென்று விற்கும் பிபிடபிள்யூ போன்ற தூள்களிலும் முக்கியச் சரக்கு இதுதான். கூடவே மெட்டாசிலிக்கேட் என்ற காரப்பொருளும் சேர்த்திருப்பார்கள். துணிப்பைக்கு வெறும் பெர்கார்பனேட்டே தாராளம்.

வாளி ஏன் பிளாஸ்டிக் என்று சொன்னேன் என்றால், இந்தக் காரக் கரைசல் அலுமினியத்தை அரிக்கும். கொதிக்கவைத்த அலுமினியப் பாத்திரத்திலேயே பையையும் ஊறவைத்து, பாத்திரம் கறுத்து நிற்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீலானால் கவலையில்லை.

வேண்டாதவை: மணமுள்ள சலவைத்தூள், துணி மென்மையாக்கும் திரவம், குளோரின் ப்ளீச். முதல் இரண்டும் துணியில் படலமாகத் தங்கி பீரின் நுரையைக் கெடுக்கும், மணத்தையும் ஏற்றும். குளோரின் மால்ட்டிலும் ஹாப்ஸிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாக மாறும். மிகக் குறைந்த அளவிலேயே மருந்துக்கடை வாடை அடிக்கும், எந்த வழியிலும் அதைப் பீரிலிருந்து நீக்க முடியாது. நைலான் இழையையும் குளோரின் தின்னும்.

புதிதாக வாங்கிய பையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். தறியிலும் தையலிலும் பூசும் பசை, எண்ணெய் இருக்கும். ஒரு பாத்திரம் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசிக் காயவையுங்கள்.

4. பையைத் தூக்கியதும் செய்ய வேண்டியது

மேஷ் முடிந்தது, பையைத் தூக்குகிறீர்கள். 5 கிலோ மால்ட் போட்டிருந்தால் ஈரத்தோடு ஏறக்குறைய 10 கிலோ கனக்கும், அதுவும் கைசுடும் சூட்டில். இந்தக் கனம் முழுவதும் தையலில்தான் விழுகிறது. கொக்கியிலோ பாத்திரத்தின் மேல் வைத்த கம்பித்தட்டிலோ தாங்கவிட்டு வடியவிடுங்கள். பையை முறுக்கிப் பிழியாமல், கையுறையோடு பக்கவாட்டில் அமுக்கியோ மேலே ஒரு மூடி வைத்து அழுத்தியோ சாற்றை எடுங்கள். முறுக்கினால் தையல் ஓரத்தில் இழை விலகும். கிழிசல் அங்கேதான் தொடங்கும்.

வடிந்து சேரும் வோர்ட்டைக் கொதிக்கு முன்பே பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு மறந்து, கொதி முடிந்து ஆறிய பிறகு "வீணாகக் கூடாது" என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் அந்தக் கிண்ணத்தில் கிருமிகள் பெருகியிருக்கும்.

அடுத்து சக்கை. சூடாக இருக்கும்போதே கொட்டுவது எளிது. ஆறினால் மாவுச்சத்து இறுகி, உமி துணியோடு ஒட்டிக்கொள்ளும். பையின் அடி மூலைகள் இரண்டையும் வெளியிலிருந்து பிடித்து, சக்கை வாளிக்குமேல் தலைகீழாகக் கவிழ்த்தால் பெரும்பகுதி தானாக விழும். மீதியை வெளியிலிருந்து தட்டிவிடுங்கள். கரண்டியாலோ முள்கரண்டியாலோ உள்ளே சுரண்டாதீர்கள்.

சக்கையின் நடுப்பகுதி வெகுநேரம் சூடு தாங்கும். வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் கையுறை இல்லாமல் கைவிட வேண்டாம்.

இங்கேதான் புதியவர்கள் ஒரு சிக்கலில் மாட்டுகிறார்கள். பையைத் தூக்கிய கையோடு அடுப்பைக் கூட்டிவிட்டுப் பை கழுவப் போகிறார்கள். வோர்ட் முதல் கொதி வரும்போது புரத நுரை பொங்கி வழியும். ஆள் பக்கத்தில் இல்லையென்றால் அடுப்பு முழுக்கப் பாகு. எனவே சக்கையைக் கொட்டியதும் வெறும் பையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு பாத்திரத்திடம் திரும்புங்கள். முதல் பொங்கல் அடங்கி, கொதி சீரான பிறகு கழுவ வாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும் பை அரைமணி நேரம் காத்திருக்கும். உலர்ந்துகொண்டிருக்கும் பை காத்திருக்காது.

5. முதல் அலசல்: வெறும் தண்ணீர்

சலவைத்தூளை இப்போதே கொட்டும் ஆசை வரும். வேண்டாம். உமியும் மாவும் நிறைந்த தண்ணீரில் தூளைக் கரைத்தால், அதன் சக்தி முழுக்க அந்த அழுக்கோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடும். துணிக்கு ஒன்றும் மிஞ்சாது.

பையை உள்வெளியாகத் திருப்புங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி அமுக்கி அலசி, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் பிடியுங்கள். பாகு வெதுவெதுப்பில் நன்றாகக் கரையும். பொதுவாக மூன்று வாளித் தண்ணீரில் கலங்கல் நிற்கும். குழாயைத் திறந்துவிட்டுப் பையைக் கீழே காட்டுவதைவிட இப்படிச் செய்தால் தண்ணீரும் குறைவு, உமியும் வாளிக்குள்ளேயே நிற்கும்.

அலசிய தண்ணீரைச் சல்லடை வழியாகக் கொட்டுங்கள். உமி தண்ணீரில் கரையாது. சமையலறைக் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் பீர் காய்ச்சும் பழக்கத்துக்கே வீட்டில் தடை வரும்.

தையல் ஓரங்களுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். அடித்தையல், இழுகயிறு ஓடும் மடிப்பு, கைப்பிடி தைத்த இடம் ஆகிய மூன்றிலும் உமி குத்தி நிற்கும். கட்டைவிரலால் மடிப்பின் நீளத்துக்கு உருட்டித் தேய்த்தால் வெளியே வரும். இழுகயிற்றை உருவ முடிந்தால் உருவித் தனியாக அலசுங்கள். பையில் முதலில் நாற்றம் பிடிப்பது துணியில் இல்லை, கயிற்றில்தான்.

தூரிகை வேண்டுமானால் மிக மென்மையானது. கம்பிநாரும் சொரசொரப்பான பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் வலையின் கண்ணை விரித்துவிடும். கண் விரிந்த பையில் அடுத்த முறை உமி நழுவி வோர்ட்டுக்குள் போகும்; கொதியில் உமி வெந்தால் டானின் இறங்கிப் பீர் துவர்க்கும்.

6. ஊறல்

பை கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பிறகே ஊறல். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் பெர்கார்பனேட் கரைத்து, அதற்குப் பிறகு பையைப் போடுங்கள். தூளைப் பையின்மேல் நேராகத் தூவினால் கரையாத குருணை வலைக்கண்ணில் சிக்கி நிற்கும்.

தண்ணீர் ஏன் சூடாக இருக்க வேண்டும்? குளிர்ந்த நீரில் பெராக்சைடு மிக மெதுவாகவே வேலை செய்யும். அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும். நடுவில் ஒருமுறை கிளறி, துணிக்குள் மாட்டியிருக்கும் காற்றுக்குமிழைப் பிழிந்துவிடுங்கள். மேலே மிதக்கும் பகுதிக்கு ஊறல் கிடைக்காது. ஒரு தட்டைக் கவிழ்த்து அமிழ்த்துங்கள்.

ஒவ்வொரு முறையும் இந்த ஊறல் தேவையா? உடனே அலசிய தானியப் பைக்குத் தேவையில்லை என்பதே என் கருத்து. நல்ல அலசலும் நல்ல உலர்த்தலும் இருந்தால் நான்கைந்து காய்ச்சலுக்கு ஒருமுறை ஊறவைத்தால் போதும். ஹாப்ஸ் தொட்ட பைக்கும் ஃபெர்மென்டருக்குள் போன பைக்கும் ஒவ்வொரு முறையும் ஊறல் வேண்டும்.

கரைசலை இறுக்கி மூடிய பாத்திரத்தில் வைக்கக் கூடாது. பெராக்சைடு ஆக்சிஜனாக வெளியேறிக்கொண்டே இருக்கும்; அழுத்தம் ஏறி மூடி தெறிக்கலாம். மீந்த கரைசலைச் சேமித்தும் பயனில்லை, சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. கடைசி அலசலும் மோப்பச் சோதனையும்

காரம் துணியில் மிஞ்சினால் அடுத்த மேஷின் பிஎச் ஏறும். மேஷ் நன்றாக நடக்க 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டும். ஃபெர்மென்டர் பையில் மிஞ்சினால் வேறு தொல்லை: அமில வகைக் கிருமிநீக்கியை அந்தக் காரம் முறித்து, அதைச் செயலற்றதாக்கிவிடும்.

எனவே சுத்தமான தண்ணீரில் இரண்டு முறையாவது அலசுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு ஈரத்துணியை இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் இன்னும் காரம் இருக்கிறது. துணி விரலில் கிறீச்சென்று பிடித்தால் போதும்.

அடுத்தது மோப்பம். பையின் ஒரு மூலையை, தையல் உள்ள மூலையாகப் பார்த்து, ஒரு குவளையில் வைத்து வெந்நீர் ஊற்றி மூடுங்கள். 5 நிமிடம் கழித்துத் திறந்ததும் முகருங்கள். குளிர்ந்த துணியில் தெரியாத வாடை ஆவியில் தெரிந்துவிடும். லேசான மால்ட் மணம் இருந்தால் பரவாயில்லை. புளிப்போ, ஈரத்துணி நாற்றமோ, சோப்பு மணமோ வந்தால் ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில காய்ச்சலுக்குப் பிறகு பை பழுப்பேறும். கறுத்த மால்ட் பயன்படுத்தினால் இன்னும் சீக்கிரம் ஏறும். அது கறை மட்டுமே. வெள்ளையாக்கியே தீருவேன் என்று ப்ளீச் பக்கம் போனவர்கள் பையையும் இழந்தார்கள், அடுத்த பீரையும் இழந்தார்கள்.

சலவை இயந்திரத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முடியும், நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரம்மிலும் தூள் போடும் அறையிலும் பழைய மணமும் மென்மையாக்கியும் ஒட்டியிருக்கும். வலைத்துணி மற்ற துணிகளின் ஜிப்பில் மாட்டிக் கிழியும்.

8. ஹாப்ஸ் பைக்குத் தனிக் கவனிப்பு

தானியப் பையின் அழுக்கு தண்ணீரில் கரையும், ஹாப்ஸ் அழுக்கு கரையாது. ஹாப்ஸ் பூவுக்குள் இருக்கும் லுபுலின் என்ற மஞ்சள் தூள் எண்ணெயும் பிசினும் கலந்தது. ஆறியதும் துணியில் மெழுகுபோல் படிந்துவிடும். பெல்லட் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ் குளிகை) வகையானால் அரைத்த இலைத்தூள் வேறு வலைக்கண்ணை அடைக்கும்.

ஹாப்ஸின் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்கள் காரத் தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். ஆகவே இங்கே வெறும் வெந்நீரும் வினிகரும் பயன்படாது. பெர்கார்பனேட்டோ சலவை சோடாவோதான் வழி. பையை உள்வெளியாகத் திருப்பி, பச்சைக் குழம்பை முழுவதும் அலசி எடுத்துவிட்டு, 60 டிகிரிக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் ஆழ்ந்த மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். மாறினால் கொட்டிவிட்டு இன்னொரு முறை. இரண்டாவது கரைசல் ஏறக்குறைய நிறமில்லாமல் நின்றால் வேலை முடிந்தது.

இவ்வளவு செய்தும் ஹாப்ஸ் வாசனை கொஞ்சம் தங்கும். கசப்பான பீர்களுக்கே அந்தப் பையை ஒதுக்கிவிட்டால் பிரச்சினை இல்லை. மென்மையான லாகர், கோதுமை பீர் போன்றவற்றுக்கு வேறு பை வையுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஹாப்ஸ் நாய்களுக்கு நஞ்சு. உடல்சூட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். பயன்படுத்திய ஹாப்ஸுக்கும் இது பொருந்தும். பையிலிருந்து கொட்டியதைத் திறந்த குப்பையிலோ செடியடியிலோ போடாதீர்கள்.

9. உலர்த்துதல்

தண்ணீரை உதறி, உள்வெளியாகத் திருப்பியபடியே காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பு காயாது. வாயை அகலத் திறந்து இரண்டு கவ்விகளால் மாட்டுங்கள். வெயிலில் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான், ஆனால் புற ஊதாக் கதிர் நைலானைப் படிப்படியாக உளுத்துப்போகச் செய்யும். உலர்த்தும் இயந்திரத்தின் சூடும் வலைத்துணிக்கு ஆகாது.

துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தையலும் கயிறும் காய ஒரு நாள்கூட ஆகலாம். தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் அவைதான். பெரும்பாலான பூஞ்சைப் புகார்களின் மூலம், துணியைத் தொட்டுவிட்டு "காய்ந்துவிட்டது" என்று மடித்து வைத்ததுதான்.

10. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

காய்ந்த பையை விளக்குக்கு நேராக விரித்துப் பிடியுங்கள். மூன்று விஷயம் தெரியும்: அடைத்த கண்கள் கருப்புத் திட்டாக, விலகிய இழைகள் பளிச்சென்ற கோடாக, தையலில் மிஞ்சிய உமி நிழலாக. ஈரத்தில் இவை எதுவும் தெரியாது.

சிறு கிழிசலைப் பாலியெஸ்டர் நூலால் இரண்டு வரிசைத் தையல் போட்டு மூடலாம். பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கி, மக்கி, ஓரத்தை இழுக்கும். அடித்தையல் விட்டுப்போயிருந்தால் ஒட்டுப்போட்டு நம்ப வேண்டாம். 10 கிலோ சூடான சக்கை காலில் விழும் இடம் அது.

பை பாத்திரத்தின் அடியைத் தொட்டு உருகிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பை உள்ளே இருக்கும்போது அடுப்பை எரியவிட்டதன் அடையாளம் அது. வோர்ட் 67 டிகிரியில் இருந்தாலும் தீக்கு நேர் மேலே உள்ள உலோகம் அதைவிட மிக அதிகம் சுடும். அடியில் ஒரு ஸ்டீல் கம்பித்தட்டு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

11. எடுத்து வைப்பது

காற்றுப் புகும் துணிப்பையிலோ திறந்த அலமாரியிலோ வையுங்கள். மூடி போட்ட வாளி, ஜிப் பை இரண்டும் வேண்டாம். மிஞ்சிய ஒரு துளி ஈரமும் அங்கே பூஞ்சையாகும். சோப்பு, வாசனைத்தூள், மசாலா, மால்ட் மூட்டை இவற்றின் பக்கத்திலும் வேண்டாம். மால்ட் தூசியில் வண்டும் கிருமியும் வரும்.

12. அடுத்த முறை எடுக்கும்போது

தானியப் பையைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பாத்திரத்தில் போடுங்கள், அவ்வளவுதான். அலசுவது தூசி போகவும், துணி நனைந்து வடிவம் பிடிக்கவும்.

ஃபெர்மென்டர் பைக்குக் கிருமிநீக்கம் இப்போதுதான், பயன்படுத்துவதற்குச் சற்று முன்பு. போன மாதம் கிருமிநீக்கம் செய்து வைத்த பை இன்று சாதாரணப் பைதான்.

இரண்டு வழி உண்டு. எனக்குப் பிடித்தது கொதிக்கவைப்பது, ஏனென்றால் துணியின் மடிப்பு, முடிச்சு எல்லாவற்றுக்குள்ளும் சூடு போகும். பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் பையைப் போட்டு, கொதி வந்த பிறகு 10 முதல் 15 நிமிடம் கணக்கிடுங்கள். எடையாகப் போடும் கண்ணாடிக் கோலிகளையோ ஸ்டீல் துண்டுகளையோ கூடவே போட்டுவிடலாம். மூடியபடியே ஆறவிட்டு, கிருமிநீக்கிய இடுக்கியால் எடுங்கள்.

இரண்டாவது வழி ஸ்டார் சான் போன்ற அமில வகைக் கிருமிநீக்கி. 1 லிட்டர் தண்ணீருக்கு சுமார் 1.6 மில்லி. இங்கே செய்யும் தவறு, பையை முக்கி உடனே எடுப்பது. துணிக்குள் காற்று இருக்கும் இடத்தைத் திரவம் தொடாது. கரைசலுக்குள்ளேயே வைத்து நாலைந்து முறை கசக்கிப் பிழிந்து, முழுக்க நனைந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எடுத்து வடித்துவிட்டு நேரே பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண். மணிக்கணக்கில் ஊறவும் வேண்டாம். நைலானுக்கு அமிலம் நல்லதல்ல.

அழுக்குப் பையைக் கிருமிநீக்கியில் முக்குவது எந்தப் பலனும் தராது. பிசின் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியைத் திரவம் எட்டவே எட்டாது. இந்தப் பகுதி 12ஆவதாக வருவதற்குக் காரணமும் அதுதான்.

பையில் ஹாப்ஸைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பெல்லட் ஊறி உப்பும். இறுக்கமான பையின் நடுவில் உள்ள ஹாப்ஸ் உலர்ந்தே கிடக்கும், வெளியே எடுக்கும்போது ஃபெர்மென்டரின் வாயிலும் மாட்டும்.

13. ஏற்கெனவே கெட்டுப்போன பை

சக்கையோடு ஒரு இரவு கிடந்த பை புளித்து நாறும். கையுறை போட்டு, உள்வெளியாக அலசி, 60 டிகிரிப் பெர்கார்பனேட் கரைசலில் இரண்டு முறை ஊறவைத்து, பிறகு 15 நிமிடம் கொதிக்கவைத்தால் பாலியெஸ்டரும் நைலானும் பெரும்பாலும் மீண்டுவிடும். மோப்பச் சோதனையில் தேறினால் மேஷுக்குத் திரும்பலாம்.

பை விறைத்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அழுக்கு இல்லை. கடினநீரில் உள்ள சுண்ணாம்பு, சலவைத்தூளின் காரத்தோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்திருக்கிறது. 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து 15 நிமிடம் ஊறவைத்தால் கரையும். பெர்கார்பனேட் கரைசலை முழுவதும் கொட்டி அலசிய பிறகே இதைச் செய்யுங்கள். ஒரே வாளியில் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துப் பொங்கும். ப்ளீச் பட்ட பையாக இருந்தால் அமிலமே ஆகாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்த மஸ்லினைக் காப்பாற்ற முயல வேண்டாம். செயற்கை இழைப் பையில் பூஞ்சை வந்தால், மேலே சொன்ன ஊறலும் கொதியும் முடித்து தானியப் பையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

14. எப்போது மாற்றுவது

தையல் விட்டது, கண் விரிந்தது, இரண்டு ஊறலுக்குப் பிறகும் வாடை போகவில்லை, துணியை இழுத்தால் சரசரவென்று இழை உடைகிறது: இவற்றில் எது நடந்தாலும் அந்தப் பை முடிந்தது.

பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டோ லாக்டோபசில்லஸோ வேண்டுமென்றே சேர்த்துச் செய்யும் புளிப்பு பீரில் போட்ட பையை வழக்கமான பீரின் ஃபெர்மென்டருக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள். அது எவ்வளவு புதியதாக இருந்தாலும் புளிப்பு பீருக்கே ஒதுக்குங்கள்.

அடி விட்டுப்போன பெரிய தானியப் பையில் மேல்பாதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வெட்டிச் சிறு ஹாப்ஸ் பைகளாகத் தைத்துக்கொள்ளலாம், கொதியில் போடுவதற்கு மட்டும். தைத்ததும் புதுப் பையைப் போலவே ஒருமுறை 10 நிமிடம் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நூலிலும் இயந்திர எண்ணெய் இருக்கும்.